வளர்ந்த ஈரல் வேலை செய்கிறதா?

"மேடம், பாதிய வெட்டி எடுத்துட்டாலும் திரும்ப வளந்துடுமாமே, நெசமாவா?"

வீட்டில் ஒருவருக்கு ஈரல் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் ஸ்கேன் மேஜையில் ஏறிப் படுத்ததும் கேட்பது இதைத்தான். நான் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன். குடியிருப்பது கோட்டக்குப்பம். வேலை, எல்லையைத் தாண்டிப் புதுச்சேரியில் ஒரு ஸ்கேன் சென்டரில். ரிப்போர்ட் சொல்வது டாக்டர் வேலை, நான் வாய் திறக்கக் கூடாது. இந்தக் கேள்விக்கு மட்டும் "வளரும்ண்ணா, பயப்படாதீங்க" என்று சொல்லிவிடுவேன். பொய் இல்லை. ஆரோக்கியமான ஒருவரிடமிருந்து ஈரலின் வலது பக்கத்தை, அதாவது ஏறக்குறைய அறுபது விழுக்காட்டை எடுத்துவிட்டாலும், மிச்சம் இருப்பது சில மாதங்களில் பழைய அளவை நெருங்கிவிடும். 1998 நவம்பரில் டெல்லி அப்போலோ மருத்துவமனையில், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த 20 மாதக் குழந்தைக்கு அப்பாவின் ஈரலில் ஒரு துண்டை எடுத்து வைத்தார்கள். இந்தியாவில் ஒரு குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் ஈரல் மாற்று அது. அந்தக் குழந்தை பிறகு மருத்துவம் படித்து டாக்டராகவே ஆகிவிட்டது.

யாரும் கேட்காத இன்னொரு கேள்வி உண்டு. வளர்ந்தது சரி, வேலை செய்கிறதா? அளவு கூடக் கூட வேலைத்திறனும் கூடவே கூடுகிறதா, இல்லை ஒன்று முந்தி இன்னொன்று பிந்துகிறதா? இதற்கு விடை தேடித்தான் பல நாடுகளில் எலியையும் சுண்டெலியையும் முயலையும் எம்.ஆர்.ஐ.க்குள் படுக்கவைக்கிறார்கள். புதுச்சேரிக்கு வருவதற்கு முன் வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் அந்த வேலையில் நானும் இருந்தேன். மனிதர்களை ஸ்கேன் செய்வதைவிடக் கஷ்டமான வேலை. எலி "மூச்சைப் பிடிச்சுக்கோ" என்றால் பிடிக்காது.

ஈரல் வளரும் கதையை அளந்து எழுதியவர்கள் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்ற இருவர். அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரில் உள்ள மேயோ நிறுவனத்தில் இருந்தார்கள். ஆண்டு 1931. வெள்ளை எலியின் ஈரல் நம்முடையதைப் போல ஒரே பாளமாக இருக்காது. மடல் மடலாகத் தனித்தனியே தொங்கும். ஒரு மடலின் அடியில் நூலைப் போட்டு இறுக்கி வெட்டிவிட்டால் ரத்தம் கொட்டாது. நடு மடலையும் இடது மடலையும் அப்படி எடுத்தால் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். 250 கிராம் எலிக்கு ஈரல் பத்து கிராம் வரும் என்றால், மிஞ்சுவது மூன்று கிராம் சொச்சம். ஒரு வாரம், பத்து நாளில் எடை திரும்ப வந்துவிடுகிறது. ஆனால் வெட்டிய மடல்கள் மறுபடி முளைப்பதில்லை. மிச்சம் இருந்த மடல்கள்தான் பருக்கின்றன. வடிவம் மாறிவிடும், எடை வந்துவிடும். உடம்புக்கு வேண்டியது எடைதான், வடிவத்தை அது கண்டுகொள்வதில்லை. இன்றுவரை ஈரல் ஆய்வு செய்கிற எவரும் அந்த இருவரின் வெட்டு முறையைத் தொடாமல் போக முடியாது.

அந்த முறையில் ஒரு சங்கடம். மூன்றாம் நாள் ஈரல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், மூன்றாம் நாள் அந்த எலியைக் கொன்று ஈரலை எடுத்துத் தராசில் வைக்க வேண்டும். நாலாம் நாளுக்கு வேறு எலி. ஏழு நாள் கணக்கு வேண்டும், ஒவ்வொரு நாளுக்கும் ஆறு எலி என்று வைத்தால் 42 எலிகள். அத்தனை கொன்றும் கிடைப்பது ஒரே ஈரலின் ஏழு நாள் வரலாறு அல்ல. ஏழு வெவ்வேறு கூட்டங்களின் ஒவ்வொரு நாள். எலிக்கு எலி ஈரல் அளவு வேறு, வெட்டுகிறவர் கை வேறு. வளர்ச்சி தாமதமான ஒரு எலிக்கு முதல் நாள் எப்படி இருந்தது என்று பின்னால் போய்ப் பார்க்கவே முடியாது. எம்.ஆர்.ஐ. மாற்றியது இதை. அதே ஆறு எலிகளை முதல் நாளும் பார்க்கலாம், மூன்றாம் நாளும் பார்க்கலாம், பத்தாம் நாளும் பார்க்கலாம். ஒவ்வொரு எலிக்கும் அதன் நேற்றைய படமே இன்றைக்கு அளவுகோல்.

எம்.ஆர்.ஐ. பிறந்த கதையிலேயே எலியின் ஈரல் இருக்கிறது என்பது எனக்குப் பிடித்த விஷயம். 1971-இல் ரேமண்ட் டமாடியன் என்ற அமெரிக்க மருத்துவர் 'சயின்ஸ்' இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். அப்போது படம் எடுக்கும் எந்திரமே கிடையாது. எலியின் திசுத் துண்டுகளைக் காந்தத்துக்குள் வைத்து, அவற்றின் நீரில் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்களை வானொலி அலையால் தட்டிவிட்டு, அவை பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு நேரம் எடுக்கின்றன என்று அளந்தார். நல்ல எலி ஈரலுக்கு ஏறத்தாழ 0.3 வினாடி. நோவிகாஃப் என்ற ஈரல் புற்றுக் கட்டிக்கு 0.8 வினாடிக்கு மேல். சீக்குப் பிடித்த திசு சாவகாசமாகத் திரும்புகிறது! இதை 1973-இல் பால் லாட்டர்பர் படமாக மாற்றும் வழி கண்டுபிடித்தார். நோபல் பரிசு 2003-இல் லாட்டர்பருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் போனது. டமாடியனுக்கு இல்லை. அவர் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துச் சண்டை போட்டார். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் அந்த 0.3-க்கும் 0.8-க்கும் இடையே உள்ள வித்தியாசத்தில்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது.

எலியை எப்படி ஸ்கேன் செய்வது? மருத்துவமனைகளில் 1.5 டெஸ்லா அல்லது 3 டெஸ்லா காந்தம் இருக்கும். சிறு விலங்குகளுக்கென்றே செய்த எந்திரங்கள் 4.7, 7, 9.4 டெஸ்லா என்று போகும். காந்தம் வலுவானது, குழாய் குறுகலானது. டெல்லி எய்ம்ஸில் என்.ஆர். ஜகந்நாதன் தலைமை வகித்த என்.எம்.ஆர். துறையில் 4.7 டெஸ்லா விலங்கு ஸ்கேனர் இருந்தது. விலங்கு எம்.ஆர்.ஐ. பற்றி இந்தியாவில் படித்தவர்கள் பலருக்கும் அந்தத் துறை தெரிந்திருக்கும். தனி எந்திரம் இல்லாத இடங்களில் மனித ஸ்கேனரிலேயே எலியைப் பார்த்திருக்கிறார்கள். மணிக்கட்டுக்கென்று நாங்கள் வைத்திருக்கும், சிக்னலை வாங்கும் கம்பிச் சுருளான சின்ன காயிலுக்குள் ஒரு பெரிய எலி அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்துவிடும்.

முதலில் மயக்கம். ஐசோஃப்ளூரேன் வாயுவை மூக்கு வழியாகக் கொடுப்போம். மயங்கிய எலிக்கு உடம்புச் சூடு சட்டென்று இறங்கும். சின்ன உடம்பு, வெப்பத்தை வைத்திருக்கத் தெரியாது. அதனால் படுக்கைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓட வேண்டும். கண் இமை மூடாது, உலர்ந்துவிடும். களிம்பு போட வேண்டும். வயிற்றுக்கு அடியில் ஒரு குட்டிக் காற்றுத் தலையணை. எலி மூச்சு விடும்போது அது அமுங்கி எந்திரத்துக்குச் சொல்லும். இரண்டு மூச்சுக்கு நடுவில் வரும் இடைவெளியில் மட்டும் படம் எடுக்கிற மாதிரி வைப்போம். ஈரல் உதரவிதானத்துக்கு நேர் கீழே இருப்பதால் ஒவ்வொரு மூச்சுக்கும் அது ஏறி இறங்கும். இதைக் கவனிக்காவிட்டால் படம் முழுக்கப் புகை.

அப்புறம் ஊசி. எனக்கு மிகவும் வியர்த்த இடம் அதுதான். ஈரலுக்கென்று இருக்கும் கான்ட்ராஸ்ட் மருந்தைக் கிலோவுக்கு 0.1 மில்லி என்ற கணக்கில் போடுகிறோம். அறுபது கிலோ மனிதருக்கு 6 மில்லி. 250 கிராம் எலிக்கு? 0.025 மில்லி. ஒரு சொட்டுகூடத் தேறாது. ஊசிக் குழாயின் உள்ளே ஒட்டிக்கொள்வதே அதைவிட அதிகம். உப்புநீரில் கரைத்து, வால் நரம்பு வழியாக, மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். வாலை முதலில் வெந்நீரில் நனைத்தால் நரம்பு எழும்பும். எங்கள் கூடத்தில் அதைச் செய்துகொடுத்த பெரியவர் ஒருவர் இருந்தார். படிப்பு எட்டாம் வகுப்பு. பெரிய பெரிய டாக்டர்கள் வாலைக் குத்திக் குத்திக் களைத்த பிறகு, "நகருங்க சார்" என்று ஒரே குத்தில் முடித்துவிடுவார்.

இந்த மருந்தில்தான் விஷயம் இருக்கிறது. பெயர் கடாக்ஸெட்டேட். கடையில் ப்ரிமோவிஸ்ட் என்ற பெயரில் வரும். கடோலினியம் என்ற உலோகத்தைச் சுற்றிக் கட்டிய மூலக்கூறு. பக்கத்தில் உள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்களைச் சீக்கிரம் பழைய நிலைக்குத் திருப்பிவிடும். மருந்து போன இடம் படத்தில் வெள்ளையாகத் தெரியும். மற்ற கடோலினியம் மருந்துகள் பெரும்பாலும் ரத்தத்தில் சுற்றிவிட்டுச் சிறுநீரில் போய்விடும். இது மனிதர்களில் ஏறத்தாழப் பாதி சிறுநீரகம் வழியாகவும் மீதிப் பாதி ஈரல் வழியாகவும் வெளியேறும். ஈரல் செல்லின் மேற்பரப்பில் உள்ள சில புரதங்கள் இதைப் பிடித்து உள்ளே இழுக்கின்றன. மறுபக்கம் வேறு புரதங்கள் பித்தநீருக்குள் தள்ளிவிடுகின்றன. ரத்தத்தில் உள்ள பிலிருபினையும் பல மருந்துகளையும் ஈரல் கையாள்வதும் இதே வழியில்தான். ஆகவே ஈரல் எவ்வளவு வேகமாக, எவ்வளவு பளிச்சென்று வெளுக்கிறது என்பது அதன் வேலைத்திறனுக்கு ஒரு அளவு. செத்த செல் வெளுக்காது. நார் படிந்த ஈரல் மந்தமாக வெளுக்கும். மனிதர்களுக்கு ஊசி போட்டு 20 நிமிடம் காத்திருந்து படம் எடுப்போம். எலிக்கு அவ்வளவு நேரம் ஆகாது, சில நிமிடங்களில் உச்சம் வந்து இறங்கத் தொடங்கிவிடும். அதனால் எலியில் ஒரு படம் போதாது; தொடர்ச்சியாக எடுத்து, ஏறி இறங்கும் கோட்டை வரைய வேண்டும்.

அளவு பார்ப்பது இதைவிடச் சுலபம். ஒரு மில்லிமீட்டர் கனத்தில் துண்டு துண்டாகப் படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஈரலின் ஓரத்தை வரைந்து, பரப்பைக் கனத்தால் பெருக்கிக் கூட்டினால் கன அளவு வந்துவிடும். வெட்டிய சுண்டெலி ஈரலில் இப்படி அளந்தது தராசு எடையோடு நன்றாகவே பொருந்துகிறது என்று 2004-இல் ஓர் ஆய்வு வந்தது. அதற்குப் பிறகு அளவுக்காக மட்டும் எலியைக் கொல்வதற்கு நியாயம் சொல்வது கடினமாகிவிட்டது.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் கதை சிக்கலாகிறது. வெட்டிய ஈரல் பருக்கும் முதல் சில நாட்களில் செல்கள் இரண்டு இரண்டாகப் பிரிவதில் மும்முரமாக இருக்கின்றன. அந்த நேரத்தில், உள்ளே இழுக்கும் புரதங்களில் சில எலி ஈரலில் குறைந்துவிடுகின்றன. அளவு ஏறிக்கொண்டிருக்கும்போதே வெளுப்பு பின்தங்கலாம். மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்த குடும்பம் எங்களுடையது. பாத்தி நிறையத் தண்ணீர் நிற்பதைப் பார்த்து உப்புக் கணக்குப் போடக் கூடாது என்பார் அப்பா. ஈரலும் அப்படித்தான்.

இது எலிக்கு மட்டும் உள்ள பிரச்சினை என்று நினைத்துவிட வேண்டாம். 2012-இல் ஜெர்மனியிலிருந்து ஓர் அறுவைசிகிச்சை முறை வெளியானது. புற்று பரவிய பெரிய பக்கத்துக்குப் போகும் ரத்தக்குழாயைக் கட்டி, ஈரலை நடுவில் பிளந்து, அப்படியே வயிற்றை மூடிவிட்டுக் காத்திருப்பார்கள். சின்னப் பக்கம் வேகமாகப் பருக்கும். பிறகு பெரிய பக்கத்தை எடுத்துவிடுவார்கள். முதலில் செய்த 25 பேரில் ஏறத்தாழ ஒன்பது நாட்களில் சின்னப் பக்கம் சராசரியாக 74 விழுக்காடு வளர்ந்தது. உலகமே வாயைப் பிளந்தது. அந்த 25 பேரில் மூன்று பேர் மருத்துவமனையிலேயே இறந்தும் போனார்கள். பின்னால் வந்த ஆய்வுகள், அளவு வளர்ந்த வேகத்தில் வேலைத்திறன் வளரவில்லை என்று காட்டின. அதன் பிறகு அதே அறுவையை எலியிலும் சுண்டெலியிலும் செய்து, ஏன் அப்படி என்று ஆராய்கிறார்கள். மனிதரில் முதலில் செய்துவிட்டு எலியிடம் திரும்பிப் போன கதை அது. வரிசை மாறிப்போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

வேலைத்திறனை அறிய வேறு வழியே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. ரத்தத்தில் எடுக்கும் எல்.எஃப்.டி. எல்லோருக்கும் தெரிந்தது. அதில் வரும் எஸ்.ஜி.பி.டி. உண்மையில் வேலைத்திறனைச் சொல்வதில்லை, எவ்வளவு செல் உடைந்தது என்று சொல்கிறது. பச்சைச் சாயம் ஒன்றை ஏற்றி, பதினைந்து நிமிடத்தில் ரத்தத்தில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்கும் முறையும் உண்டு. நல்ல சோதனைதான். ஆனால் அது மொத்த ஈரலுக்கும் சேர்த்து ஒரே எண்ணைத் தரும். எந்தப் பக்கம் உழைக்கிறது, எந்தப் பக்கம் சும்மா இருக்கிறது என்று சொல்லாது. வெட்டப் போகிற டாக்டருக்கு வேண்டியதோ, தான் விட்டுவைக்கப் போகிற பக்கம் எப்படி என்பது மட்டும்தான். எம்.ஆர்.ஐ. அதைப் பக்கம் பக்கமாகக் காட்டும்.

ஈரலின் வேலை என்றால் எல்லாம் நல்ல வேலை என்று நினைக்கிறோம். 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்தில் எக்கியார்குப்பத்தில் விஷச்சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது எங்கள் கரையில் யாருக்கும் மறக்கவில்லை. அந்தச் சாராயத்தில் இருந்த மெத்தனால் அப்படியே இருந்தால் அவ்வளவு கொடுமை செய்யாது. அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றிக் கொடுப்பது ஈரல்தான். தன் வேலையை ஒழுங்காகச் செய்தே ஆளைக் கொல்லும்.

எம்.ஆர்.ஐ. காட்டும் இன்னும் இரண்டு, கொழுப்பு, நார் பற்றிச் சுருக்கமாக. கொழுப்பில் உள்ள ஹைட்ரஜனும் நீரில் உள்ள ஹைட்ரஜனும் சற்றே வேறு வேகத்தில் சுழல்வதால், ஈரலில் எத்தனை விழுக்காடு கொழுப்பு என்று எம்.ஆர்.ஐ. ஊசி இல்லாமலே சொல்லிவிடும். கொழுப்பு படிந்த ஈரல் வெட்டுக்குப் பின் மந்தமாக வளர்கிறது என்று பல எலி ஆய்வுகள் காட்டுகின்றன. தானம் கொடுக்க வருகிறவரை எடை குறைத்துவிட்டு வா என்று திருப்பி அனுப்புவதற்கு அதுவும் ஒரு காரணம். நாருக்கு வேறு உத்தி. வயிற்றின் மேல் ஒரு அதிர்வுத் தட்டை வைத்து, அந்த அலை ஈரலுக்குள் போகும் விதத்தைப் படமெடுத்தால் அதன் விறைப்பு தெரிந்துவிடும். 1995-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த அந்த முறையின் முதல் கட்டுரையில் முதல் பெயர் முத்துப்பிள்ளை. இடம், ஹிக்கின்ஸும் ஆண்டர்சனும் எலியை வெட்டிய அதே மேயோ, அதே ராசெஸ்டர்.

எலியை வைத்து ஆய்வு செய்வது சரியா என்று என் மகள் கேட்பாள். 1959-இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இருவர் மூன்று விஷயம் சொன்னார்கள்: விலங்கு இல்லாமல் முடியுமானால் விடு, வேண்டுமானால் எண்ணிக்கையைக் குறை, துன்பத்தைக் குறை. நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஒரு கண்காணிப்புக் குழு இருக்கிறது. ஒவ்வொரு நிறுவனத்திலும் நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஓர் எலியைக்கூடத் தொடக் கூடாது. எம்.ஆர்.ஐ. எண்ணிக்கையைக் குறைக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் அதே எலியைத் திரும்பத் திரும்ப மயக்குகிறோம். அதுவும் துன்பம்தான். ஆய்வு முடிந்ததும் பெரும்பாலும் கொன்றுவிடவும் செய்கிறோம். செல்லை மைக்ராஸ்கோப்பில் பார்க்காமல் படத்தை மட்டும் நம்ப இன்னும் யாரும் தயாரில்லை. எலிக்குப் பித்தப்பை கிடையாது, சுண்டெலிக்கு உண்டு; மருந்தை இழுக்கும் புரதங்களும் நம்முடையவை அல்ல. எலியின் பத்து நாளை நம் மூன்று மாதமாக அப்படியே பெருக்கிவிட முடியாது.

எனக்கு ஒரு ஆசை மிச்சம் இருக்கிறது, கீழாநெல்லி விஷயத்தில். மஞ்சள் காமாலை என்றால் எங்கள் தெருவில் எதிர்வீட்டுப் பெரியம்மாதான் டாக்டர். அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுத்து, பத்தியம் சொல்லி அனுப்புவார். அந்தச் செடிக்குப் பெரிய வரலாறு இருக்கிறது. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-இல் நோபல் பெற்ற புளூம்பெர்க், அமெரிக்காவில் வெங்கடேஸ்வரன் முதலியவர்களோடு சேர்ந்து இந்தச் செடியின் சாற்றை வுட்சக் என்ற நில அணில் இனத்தில் சோதித்தார். அதற்கும் இதே மாதிரி ஒரு ஈரல் வைரஸ் வரும். 1987-இல் முடிவு வெளியானது. மறு ஆண்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் 'லான்செட்' இதழில் எழுதினார்கள்: மருந்து சாப்பிட்ட 37 பேரில் 59 விழுக்காட்டினரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது, போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 4 விழுக்காடு மட்டும். உலகம் திரும்பிப் பார்த்தது. வேறு இடங்களில் செய்தபோது அந்த முடிவு திரும்ப வரவில்லை.

இன்றும் நம் மருந்தியல் கல்லூரிகளில் எலிக்குக் கார்பன் டெட்ராகுளோரைடு கொடுத்து ஈரலைக் கெடுத்து, கீழாநெல்லியோ கரிசலாங்கண்ணியோ கொடுத்து, கடைசி நாளில் கொன்று எஸ்.ஜி.பி.டி. பார்க்கிற ஆய்வுகள் நடந்துகொண்டே இருக்கின்றன. குறைந்தது, காப்பாற்றியது என்று முடிவு எழுதுகிறார்கள். உடைவது நின்றதா, வேலை திரும்பியதா என்பது அந்த எண்ணில் இல்லை. அதே எலிகளைக் கடாக்ஸெட்டேட் போட்டு ஒரு மாதம் தொடர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். எலிக்கென்று ஏழு டெஸ்லா வாங்கப் பணம் இல்லையென்றால் வேண்டாம். இரவு பத்து மணிக்கு மேல் பல ஊர்களில் மனித ஸ்கேனர்கள் சும்மாதான் கிடக்கின்றன. மணிக்கட்டு காயில் போதும்.

எங்கள் மேனேஜரிடம் ஒருமுறை இதைச் சொன்னேன். "எலியையா? நம்ம மேஜையிலயா?" என்றார். மூடிய பிளாஸ்டிக் தொட்டிலுக்குள்தான் படுக்கும் சார், தனி விரிப்பு, தனி காயில், முடிந்ததும் அறையையே கழுவிவிடலாம், முதலில் கல்லூரியின் நெறிமுறைக் குழு கையெழுத்து வேண்டும் என்று அடுக்கினேன். அவர் யோசித்துவிட்டு, எலிக்கு எந்த ரேட்டில் பில் போடுவது என்று கேட்டார்.